வன்தட்டுத் துப்புரவு: கருவி தடுமாறும் இடங்களும் தீர்வுகளும்

முன்னுரை

சில மாதங்களுக்கு முன், ஒரு மாலைப் பொழுதில் வகுப்பு முடிந்து துறைக்குத் திரும்பிய வேளையில், முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் தம் மடிக் கணிப்பொறியுடன் வாயிலில் நின்றிருந்தார். “ஐயா, நேற்றிரவிலிருந்து ஆய்வேட்டைச் சேமிக்க இயலவில்லை, வட்டில் இடமில்லை என்று சொல்கிறது. துப்புரவுக் கருவியை ஓடவிட்டேன், விடியும்வரை ஓடி, ஓரிடத்தில் நின்றுவிட்டது” என்றார். நான்காண்டுக் கள ஆய்வும், ஐந்து இயல்களும் அப்பொறிக்குள் இருந்தன. பிறிதொரு படி எங்கேனும் உண்டா என்று வினவினேன். இல்லை என்பதை அவர் முகமே உணர்த்திற்று.

தமிழ்த் துறை மலரில் கணிப்பொறி பற்றிய கட்டுரை எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். இற்றை நாளில் தமிழாய்வாளரின் ஏடும் எழுத்தாணியும் கணிப்பொறியே. ஓலையைப் பேணும் முறை அறியாதவர் ஏட்டைக் காக்க இயலாதவாறு போல, வட்டைப் பேணும் முறை அறியாதவர் தம் எழுத்தைக் காக்க இயலாது. எனவே, இல்லங்களில் மிகுதியும் வழங்கும் விண்டோஸ் இயக்க அமைப்பில் உடன்வரும் துப்புரவுக் கருவிகள் யாவை, அவை எவ்வாறு செயற்படுகின்றன, எவ்விடங்களில் தடுமாறுகின்றன, அத்தடுமாற்றத்தை எங்ஙனம் நீக்கலாம் என்பவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குப்பை சேரும் வழிகள்

நாம் எதையும் புதிதாகச் சேமிக்காத நாளிலும் வட்டில் இடம் குறைந்துகொண்டே வருகிறதே என்று பலர் வியப்பர். வியப்பதற்கு ஒன்றுமில்லை. சமையல் நடக்கும் வீட்டில் தோலும் தொலியும் சேர்வது போல, வேலை நடக்கும் பொறியில் மிச்சங்கள் சேர்கின்றன. அவற்றை ஐந்தாக வகுத்துக் காணலாம்.

முதலாவது, தற்காலிகக் கோப்புகள். ஒரு மென்பொருள் தன் பணியின் இடையே எழுதி வைத்து, பணி முடிந்ததும் தானே நீக்கிவிட வேண்டிய குறிப்புகள் இவை. மின்சாரம் போயினும், மென்பொருள் இடையில் செயலிழப்பினும் இவை நீக்கப்படாமல் தங்கிவிடும். இரண்டாவது, புதுப்பித்தலின் எச்சங்கள். விண்டோஸ் திங்கள்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. புதியதில் கோளாறு நேரின் பழையதற்கு மீளும் பொருட்டுப் பழைய கூறுகளையும் சிறிது காலம் வைத்துக்கொள்கிறது. மூன்றாவது, முந்தைய விண்டோஸ். ஒரு பதிப்பிலிருந்து மற்றொரு பதிப்புக்கு உயரும்போது பழைய பதிப்பு முழுவதும் ‘விண்டோஸ் ஓல்டு’ எனும் கோப்புறையில் வைக்கப்படும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் பொதுவாக 10 நாட்களுக்குப் பின் அது தானாகவே நீக்கப்படும். நான்காவது, படங்களின் சிறுவடிவங்கள், பிழை அறிக்கைகள், இணைய உலாவியின் சேமிப்புகள் போன்ற சில்லறைகள். ஐந்தாவது, நாமே அழித்தவை. அழித்த கோப்பு உடனே மறைவதில்லை; அதே வட்டிலுள்ள குப்பைத் தொட்டிக்குச் செல்கிறது. தொட்டியைக் காலி செய்யும் வரையில் அது பிடித்திருந்த இடம் நமக்குத் திரும்பக் கிடைக்காது.

2. கருவிகளின் வரலாறு

‘டிஸ்க் கிளீனப்’ எனப்படும் துப்புரவுக் கருவி 1998ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 98 பதிப்பில் அறிமுகமாயிற்று. அதன் நிரற்கோப்பின் பெயர் ‘கிளீன்எம்ஜிஆர்’ என்பதாகும். ஈற்றிலுள்ள மூன்று எழுத்துக்களைக் கண்டதும் நம் மாணவர் புன்னகைப்பதுண்டு. அவை ‘மேனேஜர்’ என்னும் சொல்லின் சுருக்கமே அன்றி வேறல்ல.

2013ஆம் ஆண்டு அக்டோபரில், விண்டோஸ் 7 பதிப்பினர்க்கு இக்கருவியில் ஒரு புதிய வசதி தரப்பட்டது. புதுப்பித்தலில் எஞ்சிய பழைய கூறுகளையும் நீக்கும் வசதி அது. இக்கருவி நெடுநேரம் எடுத்துக்கொள்வதாக எழும் முறையீடுகளிற் பெரும்பாலானவற்றுக்கு இந்த வசதியே காரணம் என்பது பின்னர் விளங்கும்.

2017ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 பதிப்பில், நாம் ஏவாமலே தானாகத் துப்புரவு செய்யும் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ எனும் வசதி வந்தது. 2018ஆம் ஆண்டில், பழைய டிஸ்க் கிளீனப் கருவி இனி வளர்க்கப்படாது என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் அறிவித்தது. ஆயினும் விண்டோஸ் 11 பதிப்பிலும் அது நீக்கப்படாமல் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. தொடக்கப் பட்டியின் தேடு கட்டத்தில் அதன் பெயரைத் தட்டச்சிட்டால் தோன்றும். ஆக, ஒரே வீட்டில் பழைய துடைப்பமும் புதிய துடைப்பமும் உள்ளன. இரண்டின் இயல்பையும் அறிந்து பயன்படுத்துதல் வேண்டும்.

விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. எனினும் பல இல்லங்களில் அது இன்றும் இயங்குவதால், ஈண்டு கூறப்படுபவை அதற்கும் பொருந்துமாறே அமைகின்றன.

3. அழித்தல் என்பது யாது?

தடுமாற்றங்களை ஆராயுமுன் வட்டின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் நலம். நம் கல்லூரி நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்குகளில் நூல்கள், வாயிலருகே அட்டைப் பெட்டி. வட்டிலும் அவ்வாறே தரவுகள் ஓரிடத்திலும், எது எங்குள்ளது என்னும் பட்டியல் மற்றோரிடத்திலும் உள்ளன. காந்த வகையைச் சார்ந்த பழைய வன்தட்டில் ஒரு கோப்பை அழித்தால், பட்டியலில் உள்ள அதன் அட்டை மட்டும் நீக்கப்படுகிறது. வேறொரு நூல் அவ்விடத்தில் வைக்கப்படும் வரையில் பழைய நூல் அடுக்கிலேயே இருக்கும். அதனால்தான் அழித்த கோப்புகளை மீட்க ஓரளவு வாய்ப்பு இருந்தது.

இப்போது பெருகிவரும் எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டுகளின் இயல்பு வேறு. கோப்பை அழித்த உடனே, அவ்விடம் இனித் தேவையில்லை என்று இயக்க அமைப்பு வட்டுக்கு அறிவித்துவிடுகிறது. ‘டிரிம்’ எனப்படும் இக்கட்டளையைப் பெற்ற வட்டு, தன் வசதிப்படி அவ்விடத்தைத் துடைத்து ஆயத்தம் செய்துகொள்கிறது. அட்டையை எடுத்ததுமே அடுக்கையும் துடைத்துவிடும் பணியாளர் போன்றது இது. வேகம் மிகும், மீட்கும் வாய்ப்பு அருகும். இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும்.

4. தடுமாற்றங்களும் தீர்வுகளும்

4.1 கருவி நின்றுவிட்டது போல் தோன்றுதல்

‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’ என்னும் வரியில் வந்ததும் கருவி அசையாமல் நிற்பதாகப் பலரும் கூறுவர். அது பெரும்பாலும் நிற்பதன்று. மெல்ல வேலை செய்வதாகும். பழைய கூறுகள் ஒவ்வொன்றையும் எடுத்து, இதனை வேறு எந்தக் கூறேனும் சார்ந்துள்ளதா என்று ஆராய்ந்து, சாராதவற்றையே நீக்க வேண்டியிருப்பதால் காலம் நீள்கிறது. பல திங்கள் புதுப்பித்தல்கள் சேர்ந்திருக்கும் பழைய பொறியில் ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம்.

உண்மையில் நின்றுவிட்டதா என்பதை எவ்வாறு அறிவது? கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் ஒர்க்கர்’ என்னும் பெயர் செயலியையோ வட்டையோ பயன்படுத்திக்கொண்டிருப்பின் வேலை நடக்கிறது என்று பொருள். பொறுத்திருத்தலே மருந்து. மின்னிணைப்பைப் பிடுங்குதல் கூடாது. துப்புரவின் ஒரு பகுதி பொறியை அடுத்த முறை தொடங்கும் போதுதான் நிறைவேறும். அவ்வேளை திரையில் வரும் அறிவிப்பு மறையும் வரை காத்திருக்க வேண்டும்.

நெடுநேரம் கழிந்தும் எவ்வித அசைவும் இல்லையெனின், கருவியை மூடி, பொறியை முறைப்படி மறுதொடக்கம் செய்து, எல்லா வரிகளையும் ஒருங்கே குறியிடாமல் ஒவ்வொன்றாகக் குறியிட்டு ஓட்டுக. எந்த வரியில் இடறுகிறது என்பது அதனால் புலப்படும். நம் மாணவியின் பொறியில் இடறியது புதுப்பித்தல் வரியேயாகும். மற்றவற்றை முதலில் முடித்துவிட்டு, அதனை மட்டும் தனியே விட்டபோது ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது.

4.2 ஓடி முடிந்தும் இடம் பெருகாமை

இதற்குக் காரணங்கள் பல. இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள் திறந்து வைத்துள்ள கோப்பைக் கருவி தொடாது. ஆதலின் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மறுதொடக்கம் செய்த உடனே துப்புரவு செய்தல் நன்று. மேலும், டிஸ்க் கிளீனப் கருவி ஒரு வாரத்திற்குள் மாற்றம் பெற்ற தற்காலிகக் கோப்புகளை விட்டுவைக்கும் இயல்புடையது. நேற்று நிறுவிய மென்பொருளின் மிச்சம் இன்று நீங்கவில்லையே என்று கருவியைக் குறை கூறுதல் பொருந்தாது.

அடுத்து, கருவியைத் திறந்ததும் காட்டப்படுவது பயனாளரின் கோப்புகள் மட்டுமே. ‘கிளீன் அப் சிஸ்டம் பைல்ஸ்’ என்னும் பொத்தானை அழுத்தி, நிர்வாகி உரிமையை அளித்த பின்னரே முந்தைய விண்டோஸ், புதுப்பித்தலின் எச்சம் போன்ற பெரிய வரிகள் தோன்றும். இப்பொத்தானை அறியாமையால் பல ஜிகாபைட் இடத்தை இழந்து நிற்போர் பலர்.

சிற்சில வேளை, காட்டப்படும் எண்ணே பிழையாக இருத்தலும் உண்டு. 2024ஆம் ஆண்டின் இறுதியில் விண்டோஸ் 11 பதிப்பின் 24எச்2 வெளியீட்டில், எத்தனை முறை துப்புரவு செய்தாலும் ஏறத்தாழ 8.63 ஜிகாபைட் அளவு எஞ்சியிருப்பதாகக் கருவி காட்டியது. பயனாளர் திகைத்தனர். இடம் முறையாக விடுவிக்கப்பட்டுவிட்டது, காட்டப்படும் கணக்கே தவறு என மைக்ரோசாப்ட் பின்னர் விளக்கம் தந்தது. ஆகவே கருவி கூறும் எண்ணை மட்டும் நம்பாமல், துப்புரவுக்கு முன்னும் பின்னும் வட்டின் ஒழிந்த இடத்தைக் குறித்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தலே சரியான சோதனையாகும்.

4.3 கருவி தொடாத பெரும்பொருள்கள்

துப்புரவுக் கருவி குப்பையை அகற்றும், உடைமையை அகற்றாது. எவை உடைமை என்பதில்தான் மயக்கம் எழுகிறது. பொறி ஆழ்ந்து உறங்கும்போது நினைவகத்தில் உள்ளவற்றை எழுதி வைக்கும் உறக்கக் கோப்பு ஒன்று உண்டு. முழு வடிவில் அது நினைவகத்தின் அளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு இடம் கொள்ளும். 16 ஜிகாபைட் நினைவகமுள்ள பொறியில் 6 ஜிகாபைட்டிற்கு மேல் என்க. ஆழ்ந்த உறக்க வசதி தேவையில்லாதோர், நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘பவர்சிஎப்ஜி’ என்னும் சொல்லையும், ஒரு சாய்கோட்டையடுத்து ‘ஹைபர்னேட்’ என்னும் சொல்லையும், இடைவெளி விட்டு ‘ஆப்’ என்னும் சொல்லையும் ஆங்கில எழுத்துக்களில் இட்டால் அக்கோப்பு நீங்கும். பொறி விரைந்து தொடங்கும் வசதியும் அதனுடன் நீங்கும் என்பதை அறிந்தே செய்தல் வேண்டும்.

மீட்புப் புள்ளிகள் பிறிதொன்று. கோளாறு நேரின் முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும் இவற்றுள், அண்மைய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கும் வசதி டிஸ்க் கிளீனப் கருவியின் ‘மோர் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் உள்ளது. மேலும், விண்டோஸ் 10 பதிப்பின் 2019ஆம் ஆண்டு வெளியீட்டிலிருந்து, புதிதாக அமைக்கப்படும் பொறிகளில் புதுப்பித்தலின் பொருட்டு ஏறத்தாழ 7 ஜிகாபைட் இடம் ஒதுக்கி வைக்கப்படுகிறது. அதுவும் குப்பையன்று.

இன்னொரு மயக்கத்தையும் ஈண்டுச் சுட்டுதல் தகும். 128 ஜிகாபைட் என்று விற்கப்படும் வட்டு, கணிப்பொறியில் 119 என்றே தோன்றும். வணிகர் ஆயிரத்தின் மடங்காகக் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் 1024இன் மடங்காகக் கணக்கிடுகிறது. பழைய நம் ஊர்ச் சந்தையில் ஓர் ஊர் மரக்காலும் மற்றோர் ஊர் மரக்காலும் வேறுபட்டதைப் போன்றதே இது. களவு ஏதுமில்லை.

4.4 கையால் அழிக்கும் பிழை

கருவி உதவாதபோது, விண்டோஸ் கோப்புறைக்குள் நுழைந்து பெரிதாகத் தோன்றுவதை எல்லாம் கையால் அழிக்க முற்படுவோர் உளர். ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்னும் கோப்புறை பத்து ஜிகாபைட் அளவினதாகத் தோன்றி அவர்தம் கண்ணை உறுத்தும். ஆனால் அவ்வளவும் தனி இடமன்று. நூலகத்தில் ஒரே நூலுக்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டையும் தலைப்பின் பெயரில் ஓர் அட்டையும் இருப்பதில்லையா? அவ்வாறே அக்கோப்புறையிலுள்ள கோப்புகள் பல, வேறிடத்திலும் பெயர் கொண்டு நிற்கும் ஒரே கோப்புகளாம். இரண்டு அட்டைகளையும் எண்ணி இரண்டு நூல்கள் என்று கணக்கிடுவதால் அளவு பெருகித் தோன்றுகிறது. அதனைக் கையால் அழித்தால் விண்டோஸ் எழாமலே போகலாம். அதனைத் துப்புரவு செய்யும் உரிமை கருவிக்கே உண்டு. காலாவதியான கூறுகளை 30 நாட்கள் கழித்துத் தானே நீக்கும் ஏற்பாடும் விண்டோஸுக்குள் உள்ளது.

4.5 கருவி திறவாமை, பிழையுடன் மூடுதல்

கருவி திறந்த உடனே மூடிக்கொண்டாலோ, பிழைச் செய்தி காட்டினாலோ, இயக்க அமைப்பின் கோப்புகள் பழுதுற்றிருக்கலாம். இதற்கு மூன்று மருந்துகள் உள்ளன. மூன்றும் நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் இடப்படுபவை. முதலில் ‘டிஸ்ம்’ எனும் கட்டளை. அதனை அடுத்து ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரெஸ்டோர்ஹெல்த் என்னும் மூன்று சொற்களையும் ஒவ்வொன்றன் முன்னும் ஒரு சாய்கோடு இட்டு எழுதுக. இது மூலக் கூறுகளின் களஞ்சியத்தைச் செப்பனிடும். இரண்டாவது ‘எஸ்எப்சி’, இதனுடன் சாய்கோட்டையடுத்து ஸ்கேன்நவ் என்று எழுதுக. இது செப்பனிட்ட களஞ்சியத்திலிருந்து எடுத்துப் பழுதுற்ற கோப்புகளை மாற்றும். களஞ்சியமே பழுதுற்றிருக்க அதிலிருந்து எடுத்து மாற்றுவதில் பயனில்லை ஆதலின் இவ்வரிசை மாறலாகாது. மூன்றாவது ‘செக்டிஸ்க்’; இது வட்டின் பட்டியலில் உள்ள பிழைகளை ஆராயும். வட்டே பழுதுறும் நிலையில் உள்ளது என்ற ஐயம் எழுமாயின், இவை எவற்றையும் தொடங்குமுன் உடைமைகளை வேறு வட்டுக்குப் படியெடுத்துவிடுக.

4.6 ஒழித்த இடம் மீண்டும் நிறைதல்

இன்று விடுவித்த இடம் நாளையே நிறையுமாயின், குப்பையை அகற்றுவதில் பயனில்லை. குப்பை போடுவோரைக் கண்டுபிடித்தல் வேண்டும். விண்டோஸ் 7 வழங்கிய நாளில் நேர்ந்த ஒன்று இதற்கு நல்ல சான்று. புதுப்பித்தலின் நாட்குறிப்புக் கோப்பு 2 ஜிகாபைட் அளவைக் கடந்துவிட்டால், அதனைச் சுருக்கும் பணி தோல்வியுறும். தோல்வியுற்ற ஒவ்வொரு முறையும் அரைகுறைக் கோப்பு ஒன்று தற்காலிகக் கோப்புறையில் தங்கிவிடும். சின்னாட்களில் வட்டு முழுதும் நிறைந்துவிடும். தற்காலிகக் கோப்புகளை எத்தனை முறை துடைப்பினும் பயனில்லை. அந்த ஒரு நாட்குறிப்பை நீக்கியதும் நோய் தீர்ந்தது. எனவே, எந்தக் கோப்புறை பெருகுகிறது என்பதை இருநாள் இடைவெளியில் ஒப்பிட்டுக் காணுதல், மீண்டும் மீண்டும் துடைப்பதினும் சிறந்தது. அமைப்புப் பகுதியில் ‘சிஸ்டம்’, அதனுள் ‘ஸ்டோரேஜ்’ என்று சென்றால் எது எவ்வளவு இடம் கொண்டுள்ளது என்னும் பட்டியல் கிடைக்கும்.

நம் மாணவியின் பொறியிலும் அப்பட்டியலே உண்மையைக் காட்டிற்று. துப்புரவால் கிடைத்தது 9 ஜிகாபைட். கள ஆய்வில் எடுத்த ஒளிப்பதிவுகள் பிடித்திருந்ததோ 40 ஜிகாபைட்டிற்கு மேல். அவற்றுட் சில, பெயர் மாறி இருமுறை படியெடுக்கப்பட்டிருந்தன. எந்தக் கருவியும் அவற்றைத் தொடாது, தொடவும் கூடாது. வெளிவட்டு ஒன்றுக்கு அவற்றை மாற்றிய பின்னரே பொறி மூச்சுவிட்டது.

5. அழிக்கத் தகாதவை

குப்பை எது, உடைமை எது என்று பிரித்தறியும் அறிவு கருவிக்கு இல்லை. நாள் கணக்கு மட்டுமே அதற்குத் தெரியும். இதனை நான் பட்டறிவால் உணர்ந்தேன்.

என் நன்னி தொண்ணூறு வயதை நெருங்கிய காலத்தில், அவர் பாடிய தாலாட்டுக்களையும் திருமண வீட்டுப் பாடல்களையும் என் மாமன் மகன் தம் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார். பதினொரு பாடல்கள். அவர் மறைந்த பின், மின்னஞ்சல் வழியாக எனக்கு அனுப்பினார். நான் அவற்றை இறக்கி, கேட்டு, கண்கலங்கி, பின்னொரு நாள் முறையாக எழுதிக்கொள்ளலாம் என்று ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையிலேயே விட்டுவிட்டேன். பொறியில் இடம் குறைந்த ஒரு நாளில் ஸ்டோரேஜ் சென்ஸ் வசதியை இயக்கினேன். டவுன்லோட்ஸ் கோப்புறையைத் தொடவேண்டாம் என்பதே அதன் இயல்பான அமைப்பு. நானோ, கூடுதல் துப்புரவு கூடுதல் நன்மை என்று கருதி, 60 நாட்கள் திறக்கப்படாதவற்றை அழிக்குமாறு என் கையாலேயே மாற்றி வைத்தேன். கருவி நான் சொன்னதைச் செய்தது. தேடியபோது குப்பைத் தொட்டியிலும் அவை இல்லை. திண்மநிலை வட்டு ஆதலின் மீட்பு மென்பொருளாலும் பயன் விளையவில்லை. மாமன் மகனின் கைப்பேசியும் அதற்குள் மாறிவிட்டிருந்தது. வகுப்பில் எடுத்துக்காட்டாக ஒலிக்கச் செய்வதற்கென்று மாணவர் ஒருவரிடம் முன்பு கொடுத்திருந்த மூன்று பாடல்கள் மட்டும் எஞ்சின. எட்டுப் பாடல்கள் போயின. பிழை கருவியினதன்று, என்னுடையதே.

டவுன்லோட்ஸ் கோப்புறையின் செய்தியில் மற்றொன்றும் கருதத்தக்கது. 2018ஆம் ஆண்டு வெளியீட்டில் டிஸ்க் கிளீனப் கருவியின் பட்டியலிலேயே அக்கோப்புறையும் ஒரு வரியாகச் சேர்க்கப்பட்டது. வரிகளைப் படியாமலே எல்லாவற்றையும் குறியிடும் வழக்கமுடையோர் தம் கோப்புகளை இழந்தனர். 2020ஆம் ஆண்டு வெளியீட்டில் அவ்வரி அகற்றப்பட்டது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியையும் படித்த பின்னரே குறியிடுதல் வேண்டும் என்னும் பாடம் இதனாற் பெறப்படும்.

பழைய ஏடுகளைப் பயனற்றவை எனக் கருதி ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டதையும், தீயில் இட்டதையும் டாக்டர் உ.வே.சாமிநாதையர் நெஞ்சு நொந்து எழுதியுள்ளார். கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகளைத் தேடிச் சென்ற அவர் கேட்டறிந்த செய்தியைப் படித்துக் கலங்காத தமிழாசிரியர் இரார். அவ்வாறு செய்தோரும் பகையால் செய்யவில்லை. இடம் அடைக்கும் பழையன என்றே எண்ணினர். அதனை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவந்த நானே, என் வீட்டு ஏட்டை என் கையால் ஆற்றில் விட்டேன் என்று கூறுவதில் நாணம் உண்டு. எனினும் பிறர்க்குப் பயன்படுமாயின் கூறுதல் கடமையாகும்.

6. கைக்கொள்ளத்தக்க வரிசைமுறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து, வீட்டில் எவரும் பின்பற்றத்தக்க ஒழுங்கு ஒன்றைத் தருகிறேன்.

(1) எதையும் அழிக்குமுன், திரும்பப் பெற இயலாத உடைமைகளை வெளிவட்டு ஒன்றிற்குப் படியெடுத்து, அப்படியைத் திறந்து பார்த்து உறுதி செய்க.

(2) ஒழிந்த இடத்தின் அளவை ஒரு தாளில் குறித்துக்கொள்க.

(3) குப்பைத் தொட்டியை ஒருமுறை நோக்கி, பின் காலி செய்க. வட்டு முற்றிலும் நிறைந்த பொறியில் கருவி இயங்குவதற்கே சிறிது இடம் வேண்டும். அதனை இது தரும்.

(4) பொறியை மறுதொடக்கம் செய்து, வேறெதையும் திறவாமல் டிஸ்க் கிளீனப் கருவியை ஓட்டுக. பின் ‘கிளீன் அப் சிஸ்டம் பைல்ஸ்’ பொத்தானை அழுத்தி மீண்டும் ஓட்டுக. புதுப்பித்தல் வரியைத் தனியே, இரவில் மின்னிணைப்புடன் விடுக. முந்தைய விண்டோஸை நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்ப இயலாது என்பதை எண்ணிச் செய்க.

(5) ஸ்டோரேஜ் சென்ஸ் வசதியை இயக்கலாம். டவுன்லோட்ஸ் பற்றிய வரியில் ‘நெவர்’ என்பதையே வைத்திருக்க.

(6) மீண்டும் ஒழிந்த இடத்தை நோக்கி, முன் குறித்த அளவுடன் ஒப்பிடுக. பயன் போதாதெனின் ஸ்டோரேஜ் பட்டியலைக் கண்டு, பெரும் உடைமைகளை இடம் மாற்றுக.

(7) வட்டில் பத்தில் ஒரு பங்கேனும் எப்போதும் ஒழிந்திருக்குமாறு பேணுக.

விண்டோஸ் 11 பதிப்புக்குக் குறைந்த அளவு 64 ஜிகாபைட் வட்டு வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் வரையறை. அவ்வளவே உடைய பொறியில் எத்துணைத் துப்புரவு செய்யினும் நிலையான பயன் விளையாது. பெரிய வட்டுக்கு மாறுதலே தீர்வாகும்.

முடிவுரை

காலப்போக்கில் பழையவை நீங்குதலையும் புதியவை சேர்தலையும் குற்றமெனக் கொள்ளாதது நன்னூல். மொழிக்குக் கூறப்பட்ட அவ்வியல்பு வட்டுக்கும் பொருந்தும். ஆனால் மொழியில் பழையன தாமே கழிகின்றன. வட்டிலோ நாம் கழிக்கிறோம். கழிப்பவர் அறிந்து கழிக்க வேண்டும்.

அம்மாணவி தம் ஆய்வேட்டை நிறைவு செய்து, அண்மையில் பல்கலைக்கழகத்திற்கு அளித்துவிட்டார். ஏட்டைக் காட்டி வாழ்த்துப் பெற வந்த அன்று, அவர் கையில் சிறிய வெளிவட்டு ஒன்றும் இருந்தது. “ஐயா, இதில் என் களப்பதிவுகளின் ஒரு படி உள்ளது. துறையில் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். அதனைத் துறையின் இரும்பு அலமாரியில், பழைய மலர்களுக்கு அருகில் வைத்துள்ளோம். என் நன்னியின் மூன்று பாடல்களும் இப்போது அதே அலமாரியில் உள்ளன. உங்கள் வீட்டிலும் பெரியோர் எவருடைய குரலேனும், கையெழுத்தின் படமேனும் கணிப்பொறியின் ஏதோ ஒரு மூலையில் கிடக்குமாயின், துப்புரவுக் கருவியை ஏவுமுன் அதனை முதற்கண் எடுத்து வையுங்கள்.